சிகரெட்டை நிறுத்த யார் துணை: வீடா, பட்டறையா, விரத மாலையா, 1800 உதவி நம்பரா?

கோயமுத்தூரில் பேக்கரி என்றால் டீக்கடை என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது. கேக்கும் பப்ஸும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். வெளியே நிற்கிற கூட்டம் டீக்கும் தம்முக்கும் வந்த கூட்டம். கணபதியில் நான் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்கு நேர் எதிரில் அப்படி ஒன்று உண்டு. காலை பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் ஒரு கையில் டம்ளர், மறுகையில் சிகரெட் என்று பத்தொன்பது வருஷம் அங்கே நின்றிருக்கிறேன்.

நிறுத்தப் பார்த்தது ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு துணை. முதல் நாலும் கவிழ்ந்தன. ஐந்தாவது மூன்று வருஷமாக நிற்கிறது. "எப்படிங்ணா விட்டீங்க?" என்று கேட்கிற தம்பிமார்களிடம் ஒரே வரியில் சொல்ல வருவதில்லை. யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்பது ஆளுக்கு ஆள், பார்க்கிற வேலைக்கு வேலை மாறுகிறது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

எந்தத் துணையையும் எடைபோட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். உடம்பு கேட்கிற அந்த நேரத்தில் அந்த ஆள் கிடைப்பாரா? தவறி ஒன்று பிடித்துவிட்டால் அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

முதல் கேள்விக்குக் காரணம் நிகோட்டினின் கணக்கு. ரத்தத்தில் இருக்கும் நிகோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் காலையில் பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று என்று உடம்பே மணியடிக்கிறது. நிறுத்திய பிறகு முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம்: எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் கவனம் நிற்காமை. மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நடுவில் வரும் ஒவ்வொரு ஆசையும் சில நிமிடங்களில் தானாகவே தணியும். அந்தச் சில நிமிடங்களுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். இரண்டாவது கேள்விக்கான காரணத்தை நான் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

தனியாக

என் பெரியப்பா பீடிக்கட்டைத் தோட்டத்துக் கிணற்றில் வீசியவர், சாகும்வரை தொடவில்லை. ஊரில் இப்படிப்பட்ட கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கும். பொய் இல்லை, விட்டவர்களில் பலர் தனியாக விட்டவர்கள்தான். ஏனென்றால் முயல்கிறவர்களில் பெரும்பாலோர் தனியாகத்தான் முயல்கிறார்கள். ஆனால் எந்த உதவியும் இல்லாமல் நிறுத்துகிறவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஒரு வருஷம் கழித்தும் புகைக்காமல் இருக்கிறார்கள். கிணற்றில் வீசிவிட்டு மறுநாள் பெட்டிக்கடையில் நின்றவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை.

நான் நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள், வந்த வார்ப்பில் பாதி ஓட்டை விழுந்து, கடைசல் பிடித்த வேலையெல்லாம் வீணாகி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியதால், யாரிடமும் சொல்லாமலே மறுபடி ஆரம்பிக்க முடிந்தது. யாருக்கும் தெரிய வேண்டாம், தோற்றால் கேலி செய்வார்கள் என்ற கூச்சம்தான் தனியாக விடுவதன் வசதி, பலவீனமும் அதுதான்.

வீட்டுக்காரம்மா

இரண்டாவது முறை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமியார் வீடு வரைக்கும் செய்தி போய்விட்டது. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏனுங்க, இன்னைக்குப் பிடிக்கலைதானுங்களே?" என்ற கேள்வி வரும். முதல் வாரம் அது அன்பாகத்தான் கேட்டது. இரண்டாவது வாரம் சட்டையை மோந்து பார்த்தாள். மூன்றாவது வாரம் நான் பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தேன்.

லேத்காரனுக்கு அதில் ஒரு சௌகரியம் உண்டு. கூலண்ட் எண்ணெய் வாடை எல்லா வாடையையும் விழுங்கிவிடும். கையைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, இரண்டு கிராம்பு மென்றுவிட்டுப் போனால் தீர்ந்தது. நாளுக்கு ஒன்று என்று ஆரம்பித்து ஒரு மாதத்தில் பழைய கணக்குக்கு வந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்தது அதற்கும் இரண்டு மாதம் கழித்து. சிகரெட்டைவிட அந்தப் பொய்தான் வீட்டில் அதிகம் புகைந்தது.

இது என் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. கணவன் மனைவி போன்ற நெருங்கியவர்களுக்கு 'எப்படி ஆதரவு தருவது' என்று பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைக் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2018இல் சேர்த்து ஆராய்ந்தது. அதனால் நிறுத்துகிறவர்கள் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை. அன்பு போதாது என்று அர்த்தமில்லை. அன்பு காவலாக மாறிவிட்டால், காவலுக்கு முன்னால் மனுசன் ஒளிகிறான். நம் வீடுகளில் பெண்கள் புகைப்பது அபூர்வம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அந்தப் பதினோரு மணி அரிப்பு என்னவென்றே தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படியானால் வீட்டை விலக்கி வைப்பதா? கூடாது. வேறு வேலை கொடுக்க வேண்டும். 'மூன்று வாரத்துக்கு நான் சள்ளென்று விழுவேன், பொறுத்துக்கோ, ஆனா பிடிச்சியா பிடிக்கலையானு மட்டும் கேட்காதே' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மிச்சப்படும் காசை அன்றன்றைக்கு அவள் கையில் கொடுத்துவிடலாம். அந்தக் காசு பேசும். அவள் பேச வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வது. நான் செய்தேன். மீறிய அன்றைக்கு, எப்படியும் கெட்டுவிட்டது என்று ஒரு பாக்கெட்டையும் தீர்த்தேன்.

மாலை

கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் போக முடியாது. தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடப்பவர்கள், பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துக் காவடியோடு போகிறவர்கள், கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் எல்லோருமே விரத நாட்களில் சிகரெட்டைத் தொடுவதில்லை. பட்டறையில் பத்து வருஷமாக விட முடியாதவர்கூட மாலை போட்டால் 41 நாள் அசையாமல் இருப்பார்.

இதன் பலம் சாமி பயம் மட்டும்தான் என்று நினைத்தால் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். மாலை போட்டவனை ஊரே தாங்குகிறது. பேக்கரியில் பக்கத்தில் நிற்பவன் நீட்ட மாட்டான். கடைக்காரரே, "சாமி, உங்களுக்கு டீ மட்டுந்தானுங்களே?" என்பார். பெயரே மாறிவிடுகிறது, எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். புகைக்காதவன் என்ற புது அடையாளத்தை ஊர் கூடிச் சட்டையாக மாட்டிவிடுகிறது. இவ்வளவு கச்சிதமான ஆதரவை எந்த மருத்துவமனையும் உண்டாக்க முடியாது. உடம்பு படுத்துகிற மூன்று நாலு வாரமும் அந்த 41 நாளுக்குள் அடங்கிவிடுகிறது.

குறை என்னவென்றால், கடைசித் தேதியும் சேர்ந்தே வருகிறது. மாலையைக் கழற்றியதும் ஊர் கலைந்துவிடும். நான் பழநி பேருந்து நிலையத்திலேயே பற்ற வைத்தவன். அன்றைக்கு உடம்பு கேட்கவில்லை, ஞாபகம்தான் கேட்டது. கோட்டைமேட்டுக்காரரான என் நண்பர் ஒருவர் ரமலானில் இதையே வேறு விதமாகச் சொல்வார்: பகல் முழுக்க நினைப்பே வராதாம், நோன்பு திறந்ததும் கஞ்சிக்கு முன்னால் கை சட்டைப்பையைத் தேடுமாம்.

மாலையை ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக வைத்துக்கொள்ளக் கூடாது. 42ஆம் நாள் காலை யாரோடு டீ குடிக்கப்போகிறோம் என்பதை மாலை போடுகிற அன்றே முடிவு செய்தவர்கள் மீண்டதைப் பார்த்திருக்கிறேன்.

வாட்சப் குழு

கூடப் படித்தவர்கள் பதினாலு பேர். புத்தாண்டு அன்று ஒருவன் குழு ஆரம்பித்தான். முதல் வாரம் கைதட்டல், ரோஜாப்பூ. மூன்றாம் வாரம் காலை வணக்கப் படங்கள். ஐந்தாம் வாரம் யாரோ சரவணம்பட்டியில் மனை விற்பனைக்கு என்று போட்டார்கள். விழுந்தவன் எவனும் 'விழுந்துட்டேன்' என்று எழுதவில்லை, பேசாமல் இருந்தான். பதினாலு பேர் முன்னால் தோற்றதாகச் சொல்ல யாருக்கு மனசு வரும்? இரண்டாவது கேள்வியில் அது அப்படியே தோற்றுவிட்டது.

ஆனால் இதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். நாமக்கல் லாரி ஓட்டுகிறவர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் பக்கத்தில் ஊர்க்காரர் முகமே கிடைக்காது. மூன்று பேர், மிஞ்சினால் நாலு பேர், எழுத்து வேண்டாம், குரல் பதிவு மட்டும் என்று வைத்துக்கொண்டால் அவர்களுக்கு இது உதவும். ராத்திரி இரண்டு மணிக்குச் சுங்கச்சாவடியில் நிற்கும்போது, "மாப்ள, இன்னைக்குத் தாங்க முடியலடா" என்று சொல்லி அனுப்ப ஒரு காது இருப்பது பெரிய விஷயம்.

பட்டறைக் கூட்டாளி

என் கட்சி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் இதய நோய் ஆராய்ச்சிக்காகத் தலைமுறைகளாக மக்களைக் கண்காணித்து வருகிறார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து 12,067 பேரை எடுத்து, 1971 முதல் 2003 வரை யார் யாரோடு பழகினார்கள், யார் எப்போது புகையை விட்டார்கள் என்று நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் என்ற இருவர் 2008இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். மக்கள் தனித்தனியாக அல்ல, கொத்துக் கொத்தாக விடுகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கிற வாய்ப்பு 67 விழுக்காடு குறைகிறது. நண்பர் விட்டால் 36. சிறிய நிறுவனத்தில் கூட வேலை செய்பவர் விட்டால் 34. உடன்பிறந்தவர் விட்டால் 25தான்.

அந்த 34ஐ நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கணபதியிலும் பீளமேட்டிலும் ஆறு பேர், எட்டு பேர் வேலை செய்யும் பட்டறைகள். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகள். துணிக் கிடங்குக்குள் நெருப்பே ஆகாது என்பதால், இடைவேளையில் கும்பலாக வெளியே வந்துதான் பிடிக்கிறார்கள். கெடுக்கிற கும்பலும் அதுதான். அதில் இரண்டு பேர் பிரிந்து நின்றால் காப்பாற்றுகிற கும்பலும் அதற்குள்ளேயே கிடைக்கிறது. சகோதரனைவிடப் பக்கத்து மிஷின்காரன் நமக்கு உதவுவதில் ஆச்சரியம் என்ன, பதினோரு மணிக்கு அவன்தானே பக்கத்தில் இருக்கிறான்.

என் பக்கத்து மிஷினில் ஒருவன். சொந்தம் கிடையாது, ஆனாலும் எனக்கு மாப்பிள்ளை. அவனுக்கும் இருமல். ஒரே தேதியில் நிறுத்துவதாகப் பேசிக்கொண்டோம். மூன்று ஏற்பாடு செய்தோம். பேக்கரிக்குப் போவதில்லை; பையனை அனுப்பித் தூக்குப்போசியில் டீ வாங்கிப் பட்டறைக்குள்ளேயே குடிப்பது. ஆசை வந்தால் வாய்விட்டுச் சொல்வது; சொன்னதும் மற்றவன் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நிற்பது. விழுந்தால் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சொல்லிவிடுவது, கேட்டவன் திட்டக் கூடாது, அபராதம் கிடையாது. முதலாளிக்குத் தெரிந்ததும் கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு டப்பா கடலை மிட்டாய் வாங்கி வைத்தார்.

ஒன்பதாம் நாள் அவன் அன்னூரில் ஒரு கல்யாணத்தில் இரண்டு பிடித்துவிட்டான். மறுநாள் காலையில் வந்ததும், "மச்சா, நேத்து சறுக்கிட்டனுங்க" என்றான். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "சரி, எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு, மாப்பிள்ளை வீட்டார் கூட்டத்தில். அடுத்த கல்யாணத்துக்குச் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட வேண்டும் என்று பேசி முடித்தோம். அவ்வளவுதான். என் மனைவியிடம் நான் சொல்ல முடியாமல் போன அதே வாக்கியத்தை அவன் இரண்டு நொடியில் சொல்லிவிட்டான். ஏனென்றால் நானும் குற்றவாளிதான்.

ஆபத்தும் உண்டு. இரண்டு பேரும் ஒரே நாளில் சோர்ந்தால், 'இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு, பாதி பாதி' என்று ஒப்பந்தமே மாறிவிடும். எங்களுக்கு அது ஒருமுறை நூலிழையில் தப்பியது. அதனால்தான் வெளியிலிருந்து மூன்றாவது குரல் ஒன்று வேண்டியிருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்தும் குழுக்களில் சேர்ந்து நிறுத்துகிறவர்கள், தாமாகப் படித்து முயல்கிறவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வெற்றி பெறுகிறார்கள் என்று காக்ரேன் 2017இல் தொகுத்த கணக்கு சொல்கிறது. அப்படிக் கூடுகிற குழு நம் பட்டறைப் பகுதிகளில் எளிதாகக் கிடைக்காது. கிடைப்பது ஒரு போன் நம்பர்.

1800-11-2356

2018 செப்டம்பரிலிருந்து எல்லா சிகரெட், பீடி பாக்கெட்டிலும் அச்சாகி வருகிற நம்பர் இது. வருஷக்கணக்கில் கையில் வைத்துக்கொண்டே படிக்காமல் இருந்திருக்கிறேன். புகையிலையை விட உதவுவதற்காக 2016இல் டெல்லியில் தொடங்கிய தேசியச் சேவை. தமிழில் பேசுகிறவர்கள் பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து பேசுகிறார்கள். காசு கிடையாது. எத்தனை வருஷம், நாளுக்கு எத்தனை, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டுவிட்டு, நிறுத்துகிற தேதியைக் குறிக்கச் சொல்கிறார்கள். அப்புறம் அவர்களே திரும்பக் கூப்பிடுகிறார்கள். அந்தத் திரும்பக் கூப்பிடுகிற பழக்கம்தான் இதன் மதிப்பு.

முகம் தெரியாதவரிடம் என்ன பேசுவது என்று தயங்கினேன். முகம் தெரியாததுதான் வசதி என்று பிறகு புரிந்தது. சொந்தக்காரர், சாதி சனம், கடன் கொடுத்தவர் யாருக்கும் சம்பந்தமில்லாத குரல். மறைக்க எதுவும் இல்லை. இரண்டாவது கேள்வியில் முழு மதிப்பெண். முதல் கேள்வியில்தான் குறைவு: பகல் நேரச் சேவை என்பதால் தறியில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர்களுக்கு அதிகாலை மூன்று மணிக்கு உதவாது. அவர்கள் அதே ஷிப்டில் ஒரு ஆளைப் பிடிப்பதே வழி. மனசு ரொம்பக் கலங்கினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) நம்பர் 24 மணி நேரமும் உண்டு.

மருந்து தேவைப்படுகிறவர்

எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்பட்டால் உங்கள் உடம்பு ஆழமாகப் பழகியிருக்கிறது. கூட்டாளி, மாலை, மனைவி எல்லாம் இருந்தும் போதாமல் போகலாம். அதற்காக வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்; பல் மருத்துவக் கல்லூரிகளிலும் புகையிலையை விட உதவும் பிரிவுகள் இருக்கின்றன. நிகோட்டின் கம் போன்றவை வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 விழுக்காடு கூட்டுகின்றன. 2 மில்லிகிராம் மருந்துக்கடையிலேயே கிடைக்கும், 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

கம்மைப் பபுள்கம் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காப்பி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக உடம்பில் சேராது. இது தெரியாமல் நான் முதல் வாரம் முழுக்க டீயோடு சேர்த்து மென்று, கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்குக் கம் தேவைப்படவில்லை, எனக்கு இரண்டு மாதம் தேவைப்பட்டது. அதில் யார் ஆம்பிளை என்ற பேச்செல்லாம் எங்களுக்குள் வரவில்லை. சிகரெட்டுக்குப் பதில் வாயில் வைக்கிற புகையிலைக்கு மாறுகிறவர்கள் கடையை மாற்றுகிறார்கள், சரக்கை அல்ல. மின்சிகரெட்டுக்கு 2019இலேயே நாடு முழுக்கத் தடை.

யார் எதை எடுப்பது

சின்னப் பட்டறை, தறிக்கூடம், கம்பெனி என்று தினமும் ஒரே ஆட்களோடு நிற்கிறவர் கூட்டாளியை முதலில் பிடிக்கட்டும், கூடவே 1800 நம்பரும். ஆள் கிடைக்காதவர், சொன்னால் ஊருக்குப் பரவிவிடும் என்று பயப்படுகிறவர் போனிலிருந்தே ஆரம்பிக்கலாம். பக்தி உள்ளவருக்கு மாலை அருமையான வாசல், ஆனால் 42ஆம் நாளுக்கு ஆள் வேண்டும். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு மூன்று பேர் குரல் குழு. வீட்டை எந்த வழியிலும் கூட வைத்துக்கொள்ளலாம், காவலுக்கு மட்டும் நிறுத்தாதீர்கள்.

தேதியைப் பற்றி ஒன்று. ஐப்பசியில் தீபாவளி வேலை நெருக்கடி, போனஸ், அதைத் தொடர்ந்து கைநிறையக் காசு. அந்த மாதம் ஆகாது. தையில் கல்யாணம், வைகாசியில் கல்யாணம். நாங்கள் ஆடி இரண்டாம் தேதியைப் பிடித்தோம். ஆடியில் கல்யாணம் இல்லை, விருந்து இல்லை, பந்தி முடிந்து பின்பக்கம் கூடுகிற கூட்டமும் இல்லை. அப்படியும் மாப்பிள்ளைக்கு ஒரு கல்யாணம் வாய்த்தது, பெண் வீட்டார் அவசரமாம்.

இந்த வருஷம் பட்டறைக்குப் புதிதாக ஒரு தம்பி வந்திருக்கிறான், வயது 22, நாளுக்கு ஆறு. ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. "எங்ககூடச் சேந்துக்கிறியா சாமி?" என்று மாப்பிள்ளை கேட்டுப் பார்த்தான். "பாக்கலாங்ணா" என்றிருக்கிறான். தூக்குப்போசியில் இப்போதைக்கு ஒரு டீ சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.